நான் சரி என்று சொன்னேனாம்

பிப்ரவரி 10, திங்கள்

மத்தியானம் மரக்காணம் வந்து சேர்ந்தோம். கடலை ஒட்டிய ரிசார்ட். எனக்கும் மரகதத்துக்கும் கல்யாண நாள் என்று மகள் கோகிலா பதிவு செய்து கொடுத்தது. சாப்பாடு, யோகா, சைக்கிள், படகு எல்லாம் அதிலேயே சேர்த்தி. "அறைக்குள்ள உக்காந்து டிவி பார்க்கறதுக்கு நான் அனுப்பலை, எல்லாத்துக்கும் போகணும்" என்று அவள் கண்டிப்பாகச் சொன்னதாக மரகதம் சொன்னாள். கோகிலா ஓசூரிலிருந்து கூப்பிட்டால் மரகதம்தான் பேசுவாள். எனக்குப் போனில் பேசப் பிடிப்பதில்லை.

வரவேற்பில் இருந்த பெண் பிள்ளை வாய்க்குள்ளேயே பேசியது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான். ஏதோ கேட்டது, ஆமாம் என்றேன். இன்னொன்று கேட்டது, அதற்கும் ஆமாம் என்றேன். அறைக்குப் போய்ப் பார்த்தால் கட்டில் இரண்டும் தனித்தனியாக, நடுவில் ஒரு மேசையோடு கிடந்தன. மரகதம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் தன் பையை வைத்துக்கொண்டாள்.

முன்பெல்லாம் ஓயாமல் பேசுகிறவள். ஒரு வருடமாகப் பேச்சையே குறைத்துக்கொண்டுவிட்டாள். வயதானால் அப்படித்தான் போலிருக்கிறது.

கடலுக்கு நேர் எதிரே அறை. அலைச் சத்தத்தில் தூக்கமே வராது என்று எங்கள் ஊர் பல்லடத்தில் எல்லோரும் பயமுறுத்தினார்கள். அப்படி ஒன்றும் இல்லை. அமைதியான கடல்.

பிப்ரவரி 11, செவ்வாய்

அலைச் சத்தத்தில் மரகதத்துக்குத் தூக்கமே இல்லையாம். மிகைப்படுத்துகிறாள்.

காலையில் மணலில் யோகா. கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்கள். மூடிக்கொண்டு மூச்சை இழுத்து விட்டேன். மனம் நன்றாக ஒருமுகப்பட்டது. கண்ணைத் திறந்தபோது எல்லோரும் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு இளநீர்க்காரனிடம் நின்றுகொண்டிருந்தார்கள். முடிந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? மரகதம் சிரிக்கவில்லை. மற்றவர்கள் சிரித்தார்கள்.

சாயங்காலம் புல்வெளியில் தம்போலா. ஆளுக்கு ஒரு சீட்டு. மேடையில் ஒரு பையன் மைக்கில் எண் சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டே போகவேண்டும். முதல் வரிசை எனக்குத்தான் முதலில் முடிந்தது. எழுந்து நின்று கையைத் தூக்கினேன். சீட்டை வாங்கிப் பார்த்தவன், ஐம்பது வரவேயில்லை சார், பதினைந்துதான் வந்தது என்று சைகையோடு சொன்னான். எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். பிப்டீனையும் பிப்டியையும் ஒரே மாதிரி உச்சரித்தால் யாருக்குத்தான் விளங்கும்?

பக்கத்து மேசையில் விக்டோரியா டீச்சர் என்று ஒரு அம்மாள். பண்ருட்டியில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். தம்பி குடும்பத்தோடு வந்திருக்கிறார். "விடுங்க சார், அந்த மைக்கே கொரகொரங்குது!" என்று எனக்காகப் பரிந்து பேசினார். இந்த ரிசார்ட்டில் வாயைத் திறந்து தெளிவாகப் பேசுகிற ஒரே ஆள் அவர்தான். அவரோடு அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன். மில்லைப் பற்றி, ஸ்பின்னிங் பகுதியில் நான் மேஸ்திரியாக இருந்த காலத்தைப் பற்றி எல்லாம் சொன்னேன்.

அறைக்கு வந்ததும் மரகதம், "அந்தம்மாகூட நல்லாத்தான் பேசறீங்க" என்றாள். விளக்கு வெளிச்சத்தில் நேராக என்னைப் பார்த்துச் சொன்னாள்.

பிப்ரவரி 12, புதன்

சைக்கிளில் உப்பளம் பார்க்கப் போனோம். வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல். வெயிலில் கண் கூசியது. இரண்டு பேரும் சைக்கிள் விட்டு எத்தனையோ வருடம் ஆகிறது. மரகதம் நன்றாக ஓட்டினாள். கல்யாணமான புதிதில் நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

திரும்பும்போது ஒரு உப்பு லாரி பின்னாலிருந்து வந்து என் கைப்பிடியை உரசாத குறையாகப் போனது. ஹாரன் அடிக்காமல் வருகிறான் என்று திட்டினேன். மரகதம் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். முகமெல்லாம் வெளுத்திருந்தது.

"அத்தனை தடவை அடிச்சானுங்க. நானும் கத்தினேன். வேணும்னே நடு ரோட்டுல போறீங்களா?"

"காத்து அந்தப் பக்கம் அடிச்சுது" என்றேன்.

மதியத்துக்கு மேல் தலைவலி என்று படுத்துவிட்டாள். நான் மட்டும் நீச்சல் குளத்தில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்

காலையில் நண்டுக் குழம்பு வைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். உயிர் நண்டை எப்படிப் பிடிப்பது என்று சமையல்காரர் காட்டினார். மரகதம் முன் வரிசையில் நின்று ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பின்னால் விக்டோரியா டீச்சர் பக்கத்தில் நின்றேன். அப்போதுதான் அவர் அதைச் சொன்னார்.

"ஏன் சார், உங்க வீட்டம்மா மக வீட்டோடயே போயிடறாங்களாமே? நீங்க ஒண்டியா சமாளிச்சுக்குவீங்களா? சமைக்கத் தெரியுமா?"

யார் சொன்னது என்றேன்.

"அவங்கதான் நேத்து சொன்னாங்க. இருபதாம் தேதி டிக்கெட்டாமே. வீட்டுக்காரர் ஒத்துக்கிட்டாருன்னாங்க. இந்தக் காலத்துல யார் சார் அப்படி விட்டுக்கொடுக்கறாங்க!"

நண்டு கொதித்தது. எல்லோரும் தட்டில் வாங்கிக்கொண்டு போனார்கள். எனக்கு வேண்டாம் என்றுவிட்டேன்.

அறைக்கு வந்து கேட்டேன். மரகதம் ஈரத் துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"உங்ககிட்டக் கேட்டுட்டுத்தானுங்க முடிவு பண்ணினேன். தீபாவளிக்கு முந்தி ஒருக்கா கேட்டேன். பொங்கலன்னிக்கு கேட்டேன். கோகிலா டிக்கெட் போடறேன்னப்ப இன்னொருக்கா கேட்டேன். 'எனக்கு இங்க என்ன இருக்குது, நான் கோகிலா வீட்டோட போய் இருந்துக்கட்டுமா'ன்னு. சரின்னீங்க. ஒவ்வொரு தடவையும் சரி சரின்னுதான் சொன்னீங்க. டிவியிலிருந்து முகத்தைக்கூடத் திருப்பலை."

நான் சரி என்று சொன்னேனாம். மூன்று தடவை.

சொல்லியிருப்பேன். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. ஆனால் எனக்கு அப்படி ஒரு பேச்சு நடந்ததாகவே நினைவில்லை.

"வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு நெனச்சனுங்க" என்றாள். பிறகு இன்னும் ஏதோ சொன்னாள். தலையைக் குனிந்துகொண்டு சொன்னதால் எனக்கு விளங்கவில்லை.

அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்கவேண்டும் என்று இப்போது எழுதும்போது தெரிகிறது. நீ கேட்டது எனக்குக் காதில் விழவில்லை என்று சொல்லியிருந்தால் போதும். எங்கள் மில்லில் ரங்கப்பன் என்று ஒருவர் இருந்தார். நல்ல வேலைக்காரர். காது மந்தம் என்று தெரிந்த நாளிலிருந்து அவரை யாரும் ரங்கப்பன் என்று கூப்பிடவில்லை. செவிடன் என்றுதான். அவர் முன்னால் சும்மா வாயை மட்டும் அசைத்து விளையாடுவார்கள். அவரும் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்.

எனக்கு அந்த மாதிரி ஒன்றும் இல்லை. மற்றவர்கள் சரியாகப் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

"போறதுன்னா போ" என்றேன். அவள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

பிப்ரவரி 14, வெள்ளி, காலை

தோசை வாயில் வைக்க முடியவில்லை. மாவு புளிப்பு. மரகதம் நன்றாயிருக்கிறது என்கிறாள்.

பிப்ரவரி 14, வெள்ளி, மாலை

இன்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

பத்து மணிக்கு உப்பங்கழியில் கயாக் ஓட்டப் போனோம். எனக்கு மனமில்லை. "இங்க வந்ததுல இது ஒண்ணுதானுங்க நான் ஆசைப்பட்டது. நீங்க வராட்டிப் போங்க, நான் போறேன்" என்று மரகதம் கிளம்பிவிட்டாள். அதனால் போனேன். இரண்டு பேர் உட்காரும் ஒல்லியான படகு. நான் முன்னால், அவள் பின்னால். ஆளுக்கு ஒரு துடுப்பு, உடம்பில் மிதவைச் சட்டை. வேலாயுதம் என்கிற பயிற்சியாளர் கரையில் நின்று என்னென்னவோ விளக்கினார். தலையாட்டினேன். அவர் தன் தனிப் படகில் எங்களுக்குப் பின்னால் வந்தார்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. தூரத்தில் நாரைகள். வேறு ஒரு நாளாக இருந்திருந்தால் ரசித்திருப்பேன். எனக்கு நேற்றைய பேச்சே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கோபத்தையெல்லாம் துடுப்பில் காட்டினேன். படகு நல்ல வேகம் பிடித்தது.

முன்னால் தண்ணீரில் மூங்கில் கழிகள் நட்டிருந்ததைப் பார்த்தேன். மீன் வலை கட்டியிருந்த கழிகள். நடுவே புகுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். வேலாயுதம் பின்னாலிருந்து "வலது பக்கம் ஒடிங்க சார், வலது பக்கம்" என்று தொண்டை கிழியக் கத்தினாராம். மரகதமும் கத்தினாளாம். படகின் மூக்கு வலைக் கயிற்றில் மாட்டியது. அப்படியே குறுக்கே திரும்பியது. அடுத்த நொடி நான் தண்ணீருக்குள் இருந்தேன்.

மேலே வந்தபோது எதிரே கவிழ்ந்த படகு. ஒரு துடுப்பு மிதந்து போய்க்கொண்டிருந்தது. மரகதம் இல்லை.

கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். படகுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருப்பாள், வலை காலில் சுற்றியிருக்கும் என்று தோன்றியது. படகின் விளிம்பைப் பிடித்துத் தூக்கப் பார்த்தேன். மிதவைச் சட்டை என்னை மேலேயே தள்ளியது. படகுக்குக் கீழே கையை விட்டுத் துழாவினேன். கையில் சேறும் வலையும்தான் வந்தன. மரகதம், மரகதம் என்று எத்தனை தடவை கூப்பிட்டேன் என்று தெரியாது. அவளுக்கு நீந்தத் தெரியாது. போறதுன்னா போ என்று சொன்ன வாய் என்னுடையது.

அப்போது என் தோளில் ஒரு கை விழுந்தது.

திரும்பினேன். மரகதம் நின்றுகொண்டிருந்தாள். ஆமாம், நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் மார்பளவுதான். நானும் காலை ஊன்றியிருந்தால் நின்றிருக்கலாம். தலைமுடியெல்லாம் சேறு. என்னை விசித்திரமாகப் பார்த்தாள், புதிதாகப் பார்க்கிற மாதிரி.

வேலாயுதம் இரண்டு பேரையும் கரைக்கு இழுத்து வந்தார். துண்டு கொடுத்தார்கள், சூடாகக் காபி கொடுத்தார்கள். ஒன்றும் இல்லை சார், இங்கே இது சகஜம் என்று வேலாயுதம் சொல்லிவிட்டுப் படகை எடுக்கப் போனார்.

மரகதம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எழுந்தாள். எனக்கு நேர் எதிரே வந்து மண்டியிட்டு உட்கார்ந்தாள். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அந்த இடத்தில் அத்தனை பேர் இருந்தார்கள்.

"நான் கூப்பிட்டது உங்களுக்குக் கேக்கலீங்களா?"

"நீ எங்க கூப்பிட்ட?"

"உங்க முதுகுக்குப் பின்னாடியே நின்னு கத்தினனுங்க. கை நீட்டினாத் தொடற தூரம். 'இங்க இருக்கேன், இங்க இருக்கேன்'ன்னு கத்தறேன். நீங்க அந்தப் பக்கம் பார்த்து அழுதுட்டு இருக்கறீங்க."

உப்புத் தண்ணீர் கண்ணில் பட்டுவிட்டது என்றேன்.

"எத்தனை நாளா கேக்கலை?"

தண்ணீர் சத்தம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என் முகத்தை விடவில்லை. சொல்லிவிட்டேன்.

"கொஞ்ச நாளாத்தான். போன பொங்கலுக்கு முந்தின பொங்கல்ல இருந்து லேசா. இந்த வருசம்தான் கொஞ்சம் அதிகம்."

மரகதம் சிரிக்க ஆரம்பித்தாள். பிறகு பார்த்தால் அழுதுகொண்டிருந்தாள். பிறகு மறுபடியும் சிரித்தாள்.

"என்கூடப் பேசவே பிடிக்கலைன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க. எது கேட்டாலும் ம், சரி. இல்லாட்டி பதிலே இல்லை. இங்க வந்தா தனிக் கட்டில் வேணும்னு கேட்டு வாங்கறீங்க. சரி, இந்த மனுசனுக்கு நான் பாரமாயிட்டேன்னு..."

"கட்டில் நான் கேட்கலை. அந்தப் புள்ள என்னமோ கேட்டுது, ஆமான்னேன்."

"ஐயோ சாமி!"

"நீதான் பேச்சை நிறுத்திட்டேன்னு நான் நெனச்சேன்" என்றேன்.

அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன், பேசினால் தவறவிட்டுவிடக் கூடாதே என்று. பிறகு ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்.

"நான் கோகிலா வீட்டோட போய் இருந்துக்கட்டுமா?"

"வேண்டாம்" என்றேன். ரொம்பச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. தூரத்தில் படகைக் கழுவிக்கொண்டிருந்த வேலாயுதம் திரும்பிப் பார்த்தார்.

இதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. எழுதியதும் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. பசிக்கிறது.

பிப்ரவரி 15, சனி

இன்று படகு சவாரி, பொம்மை செய்யும் வகுப்பு, கால் மசாஜ் எதற்கும் போகவில்லை. சவுக்கு மரத்தடியில் இரண்டு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தோம். எனக்கு வலது காதில் கொஞ்சம் பரவாயில்லை என்று மரகதம் கண்டுபிடித்துவிட்டாள். அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தவள்தான். ஒரு வருடப் பாக்கி.

பக்கத்து வீட்டுத் தனபால் வீட்டை விற்றுவிட்டாராம். எனக்கு யாரும் சொல்லவில்லையே என்றேன். "நான்தானுங்க சொன்னேன், ரெண்டு தடவை. ரொம்ப சந்தோசம்னீங்க" என்றாள். அவளுடைய சின்ன அண்ணனுக்கு நெஞ்சில் அடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தாராம். அதற்கு நான் என்ன சொன்னேன் என்று கேட்கவே பயமாக இருந்தது. கேட்டேன். "ஆகட்டும், பார்க்கலாம்னீங்க. அன்னிக்குப் பூரா நான் உங்களுக்குச் சோறு போடலை. அதையாவது கவனிச்சீங்களா?"

கவனித்தேன். அன்றைக்கு ஏதோ விரதம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஓசூர் டிக்கெட்டை ரத்துசெய்யச் சொன்னேன். அதெல்லாம் முடியாது, மகளைப் பார்க்க நான் போகத்தான் போகிறேன் என்றாள். எனக்குத் திக்கென்றது. "நீங்களும் வர்றீங்க. பதினஞ்சு நாள் இருந்துட்டு ரெண்டு பேரும் திரும்பி வர்றோம். அங்க நல்ல காது டாக்டர் இருக்கறாராம்." எனக்குத் தெரியாமல் காலையிலேயே மகளிடம் பேசிவிட்டாள். கோகிலா போனில் அழுதாளாம். அப்பா என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார் என்று அவளும் ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

விக்டோரியா டீச்சரிடம் விடைபெற்றுக்கொண்டோம். மரகதமே அவர் கையைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். "எனக்கு மொத நாளே தெரியும்மா. நாப்பது பசங்களை கிரவுண்டுல மேய்ச்சவ நான். ஆனா புருசன் பொண்டாட்டி நடுவுல நாம எதுக்குன்னு வாயை மூடிக்கிட்டேன்" என்றார். அவர் வாயை மூடிக்கொண்டதாகச் சொன்னதுதான் வேடிக்கை.

மார்ச் 3, திங்கள், ஓசூர்

காலையில் எல்லோருமாக ஆஸ்பத்திரிக்குப் போய்க் காதுக் கருவி வாங்கினோம். போன வாரம் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துப் பரிசோதனை செய்தார்கள். வருடக்கணக்காக மில் மெஷின் சத்தத்தில் இருந்ததால் வந்தது, போனது திரும்பாது, ஆனால் இருப்பதை வைத்து நன்றாகச் சமாளிக்கலாம் என்றார் டாக்டர். பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. கண்ணாடி போட்டுக்கொள்வதற்கு யார் வெட்கப்படுகிறார்கள்?

இரண்டு காதிலும் மாட்டிவிட்டார்கள். முதலில் என் சட்டையே சரசரத்தது. செய்தித்தாளைத் திருப்பினால் ஓட்டின்மேல் மழை பெய்கிற மாதிரி இருந்தது. மாப்பிள்ளை செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிறார், பாவம், அவருக்கே தெரியாது. கோகிலா, "அப்பா, நான் பேசறது கேக்குதா?" என்றாள். கேட்கிறது என்றேன். அவள் மறுபடியும் கேட்டாள், நானும் மறுபடியும் கேட்கிறது என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மரகதம் சமையலறைக்குள் போனாள். தேங்காயைத் துருவித் தரச்சொன்னாள். ஒரு மூடியைத் துருவினேன், கை வலித்தது, மீதியை வைத்துவிட்டு ஹாலுக்கு வந்து பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

உள்ளேயிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது. தனக்குத்தானே பேசிக்கொள்கிற குரல்.

"ஒரு மூடித் தேங்காய்க்கே கை ஓஞ்சு போச்சாம். ஒரு வேலையை முழுசாச் செஞ்சதா சரித்திரமே இல்லை. இந்த மனுசனைக் கட்டிக்கிட்டு நான் படற பாடு எனக்குத்தான் தெரியும்..."

ஒரு வருடமாக இப்படித் தைரியமாகத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். கொஞ்ச நேரம் சுகமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவளுடைய அப்பா பார்த்துவைத்த வேறு ஒரு மாப்பிள்ளையின் பேச்சு வந்ததும் பேப்பரை மடித்து வைத்தேன்.

"மரகதம், கேக்குது."

உள்ளே சத்தம் நின்றது. கரண்டிகூட அசையவில்லை. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அவள் சிரிப்பதும் கேட்டது.

எழுந்து போய் மீதித் தேங்காயைத் துருவிக் கொடுத்தேன்.